இறங்கும் நேரம்

"உன் வீட்டுக்காரன் தண்ணி டேங்காண்ட ஜீப்ப நிறுத்திக்கினு என்னமோ பேசிக்கினு கீறான்" என்றாள் மணியம்மா, கறிவேப்பிலை கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரி. "தெனம் நிக்கிறான். வீடு இங்க கீது, அங்க இன்னாடி வேல?"

தாட்சாயணி அடுப்பை அணைத்தாள்.

சுதீர் திருப்பதியிலிருந்து மலைக்கு ஜீப் ஓட்டுகிறவன். டேங்கிலிருந்து வீடு கூப்பிடு தூரம். அதுவரை வந்த மனிதன் வீட்டுக்கு வராமல் நிற்கிறான் என்றால், நீங்களானால் என்ன நினைப்பீர்கள்? அவளும் அதைத்தான் நினைத்தாள்.

கொஞ்ச நாளாகவே அவன் ஒரு மாதிரி. குரல் இறங்கிப்போயிருந்தது. எது கேட்டாலும் பதில் உடனே வருவதில்லை. நின்று, யோசித்து, பிறகுதான் வருகிறது. கத்துகிற மனிதன் எங்கே இருக்கிறான் என்றாவது தெரியும். இவன் எங்கே இருக்கிறான்?

வேறொருத்தி என்று நினைத்ததும் அவளுக்கு வயிறு எரியவில்லை. சொல்லக் கூசுகிறது, கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு பை கட்டி வைத்திருந்தாள். ஏர்பேட்டில் அம்மா வீடு. ஏன் வந்தாய் என்று கேட்பார்கள். வேறொருத்தி என்றால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். மற்ற காரணங்களுக்கெல்லாம், அனுசரிச்சிப் போம்மா என்று அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள்.

எலும்பு முறிந்து புத்தூர் கட்டு போட்ட வலது கையை முந்தானையால் மூடிக்கொண்டு பின்சந்தில் இறங்கினாள்.

"பாத்துப் போடி! பாத்ரூம்ல வழுக்குனவ, சந்துலயும் வழுக்கப் போற" என்று மணியம்மா சிரித்தாள்.

டேங்க் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

ஜீப்பில் அவன் மட்டும்தான். போன் டேஷ்போர்டில் கிடந்தது. உதடு தானாக அசைந்துகொண்டிருந்தது. கண் தெருமுனையில்.

அந்த வேறொருத்தி வருவாள் என்று தாட்சாயணியும் தெருமுனையையே பார்த்தாள்.

வந்தது ஒரு ஸ்கூட்டர். ஹரிபாபு, அவனும் மலைக்கு ஓட்டுகிறவன்.

"ஏமிரா சுதீரு, இங்கயும் கேட் போட்டுட்டாங்களா?"

"இன்னும் டைம் ஆவல. இப்ப போனா ஃபைன்."

"பொண்டாட்டி போடற ஃபைனா? அது பெருசாச்சே!" ஹரிபாபு சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

டிரைவர் பெண்டாட்டிக்கு அந்தப் பேச்சு புரியும். மலை இறங்கும் வண்டிக்கு மேலேயே சீட்டில் நேரம் போட்டுத் தருவார்கள். குறித்த நேரத்துக்கு முன்னால் அடிவாரக் கேட்டுக்கு வந்தால் வேகமாக வந்தான் என்று அர்த்தம், அபராதம். அதனால் பறந்து வருகிறவர்கள் கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஓரங்கட்டி, நேரம் கழியும்வரை நிற்பார்கள். சுதீர் அதில் பேர்போனவன்.

இந்தத் தெருவுக்கு யார் சீட்டுக் கொடுத்தது?

அவன் ஸ்டியரிங்கிலிருந்து வலது கையை எடுத்தான். அது முஷ்டியாகவே இருந்தது. விரல்களைப் பிரித்தான். தானே மூடிக்கொண்டது. மறுபடி பிரித்தான். யாருடையதோ போல அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான், அது தளரும்வரை.

பிறகு சாவியைத் திருப்பினான்.

ஜீப் சுற்றிக்கொண்டு வர வேண்டும். தாட்சாயணி சந்து வழியே ஓடினாள். ஒருத்தியும் இல்லை என்பதில் ஏமாற்றம். அவன் நிற்கிறான் என்பதில் வேறு ஏதோ ஒன்று. அதற்குப் பெயர் தெரியவில்லை.

அதையும் அவள் நம்பிவிடவில்லை. மலையில் ஓரங்கட்டி நிற்கிறவன் வேகத்தை விட்டவனா? ஒவ்வொரு வளைவிலும் பறந்துவிட்டு, பிடித்துவிடுவார்கள் என்று கடைசியில் நிற்கிறவன். அங்கே கேட் இருக்கிறது, நிறுத்துகிறது. இங்கே?

உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டாள். பையை எடுத்துக் கதவோரம் வைத்தாள்.

ஜீப் நின்றது. செருப்புச் சத்தம்.

"தாட்சா, கதவத் தொற."

இடது கை தாழ்ப்பாள் மேல் இருந்தது.

"இன்னும் டைம் ஆவல" என்றாள்.

கதவு இப்போது அதிரும் என்று தோளை ஒடுக்கிக்கொண்டாள். அதிர்ந்து பழகிய கதவுதான் அது.

அதிரவில்லை.

கொஞ்சம் பொறுத்து, அவன் வாசற்படியில் உட்காரும் சத்தம் கேட்டது.

அவள் தாழ்ப்பாளையும் எடுக்கவில்லை, பையையும் எடுக்கவில்லை. முகம் கழுவப் பாத்ரூமுக்குப் போனாள். சொரசொரப்பான சிமெண்டுத் தரை. வெறுங்காலோடு நின்றால் உள்ளங்கால் உறுத்தும்.

அந்தத் தரையில் இதுவரை யாரும் வழுக்கி விழுந்ததில்லை.