வீட்டுக்காரர் எங்கே?

"வீட்டுக்காரர் எங்கம்மா?"

கதவைத் திறந்த பெண்ணிடம் எஸ்றா கேட்டார். அவர் மாநகராட்சி ஆய்வாளர். தூத்துக்குடி கடற்கரைப் பக்கத்துத் தெருவில் இருந்த அந்த வீட்டை, அனுமதி வாங்காமல் நாள் வாடகைக்கு விடுவதாகப் போனில் புகார் வந்திருந்தது.

"பீச்சுக்குப் போயிருக்காருங்க."

"இங்கதான் தங்கியிருக்காரா?"

"ஆமாங்க."

எஸ்றாவுக்கு நிம்மதி. வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருந்தால் அனுமதி கொடுத்துவிடலாம். விதி அப்படி.

"எவ்வளவு நாளா இருக்காரு?"

"நேத்துதானுங்க வந்தோம். நாளைக்குக் கோயமுத்தூர் கிளம்பிருவோம்."

அப்போதுதான், அவள் தன் புருஷனைச் சொல்கிறாள் என்று அவருக்கு உறைத்தது.

"நான் கேட்டது வீட்டு ஓனரைம்மா!"

"அது தெரியாதுங்களே. செல்லுல புக் பண்ணுனோம். சமையல்காரம்மாகிட்ட வேணா கேளுங்க."

சமையல்காரம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பெயர் இசபெல்லா.

எஸ்றா பட்டும் திருந்தவில்லை. "வீட்டுக்காரர் எங்கம்மா?" என்றார் மறுபடியும்.

"அவுக கப்பல்ல வேலை பாத்தாவ சார். தவறிட்டாவ."

"ஐயோ, மன்னிச்சுக்கோங்க. இந்த வீடு யாருதுன்னு கேட்டேன்."

"என் வீடுதான் சார்."

"உங்களதா? அந்தப் பிள்ள சமையல்காரம்மான்னுல்லா சொல்லுது?"

"வாரவுக எல்லாரும் அப்படித்தான் நினைச்சுக்கிடுதாவ. மவன் சென்னையில இருந்து செல்லுலயே ஆள் அனுப்புதான். நான் பொங்கிப் போடுதேன்."

அந்த நேரம் பார்த்து மகன் அனிஷே போனில் வந்தான். ஆய்வாளர் வந்திருப்பதாக அம்மா சொன்னதும், அவன் போட்ட சத்தம் எஸ்றாவுக்கே கேட்டது.

"எம்மா, அவர் என்ன கேட்டாலும் ஆமான்னு மட்டும் சொல்லுங்க!"

"சரிய்யா," என்று போனை வைத்தார் இசபெல்லா.

எஸ்றாவுக்குப் பாவமாக இருந்தது. புருஷன் இல்லாத மனுஷி, ஏதோ பிழைக்கிறார். கெடுப்பானேன்?

"நீங்க இங்கனதான குடியிருக்கிய? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

"இல்ல சார்."

"இல்லையா? அப்ப ராத்திரி எங்க படுக்கிய?"

"குசினியில."

"அந்தக் குசினி இந்த வீட்லதான இருக்கு?"

"அடுப்படியில முடங்குறதுக்குப் பேரு குடியிருக்கதா சார்? அது மட்டுமில்ல, தீப்பிடிச்சா அணைக்கதுக்கு இங்க ஒண்ணுமே கிடையாது. அதையும் எழுதிக்கிடுங்க."

குற்றத்தை மறைக்கிறவர்களை எஸ்றா நிறையப் பார்த்திருக்கிறார். குற்றத்தைத் தானே எடுத்துக்கொடுத்து எழுதச் சொல்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறார். மகனிடம் சரி என்று சொன்ன வாய்தானா இது?

"எம்மா, புரிஞ்சுதான் பேசுதியளா? இல்லைன்னு சொன்னா புக்கிங்கையே நிறுத்தணும்னு உங்க மவனுக்கு நோட்டீஸ் போகும். எதிர்வீட்டு விக்டர் பொறாமையில போன் போட்டு உங்க பொழப்புல மண்ணள்ளிப் போடப் பாக்காரு. நீங்களும் அதுக்குத் தோதாப் பேசுதிய!"

இசபெல்லா கூடத்தை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"விக்டர் அண்ணனை ஏசாதிய சார். போன் போடச் சொன்னதே நான்தான்."

"நீங்களா?"

"என் கட்டில்ல நான் படுத்து ஒரு வருசத்துக்கு மேல ஆவுது. பெத்த மவன்கிட்ட வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. எனக்காக நீங்க சொல்லுங்க சார்."