உள்ளே விடாத பட்டன்

"நாலு மணிக்குள்ள அவங்களே முடிக்கணும் சார். முடிக்கலேன்னா இனிமே வர வேண்டாம்னு சொல்லிடுங்க."

"ஏம்மா, கொஞ்சம் விட்டுக் குடுக்கக் கூடாதா? எனக்கே பாவமா இருக்கு. உனக்கு எப்படிம்மா மனசு வருது?"

"பாவம் பார்க்க இது என்ன சத்திரமா சார்? எல்லாருக்கும் ஒரே அளவுகோல்தான்."

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளியும் டீம் லீடரும் போட்ட சண்டை, இந்தப் பக்கம் இருந்த 'புது மேடம்' காதில் ஒரு வார்த்தை விடாமல் விழுந்தது.

இணையதளம் செய்து தரும் அந்த அலுவலகத்திலேயே, ஐம்பத்தோரு வயதில் மூத்தவர் அவர்தான். கடைசியாகச் சேர்ந்ததால் 'புது மேடம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கம்ப்யூட்டர் வேலையை விட்டு இருபத்தைந்து வருடம் கழித்து, மறுபடி படித்து, பரீட்சை எழுதி, மூன்று மாதச் சோதனைக் காலத்தில் சேர்ந்தவர். இன்றோடு மூன்று மாதம் முடிகிறது. வேலை நிரந்தரமா, வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதானா என்பது ஒரே ஒரு பட்டனில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு பல் டாக்டரின் இணையதளம் அது. வருகிறவர்கள் புதிதாகப் பாஸ்வேர்டு போடாமல், தங்கள் மெயில் கணக்கை வைத்தே உள்ளே நுழைய வேண்டும். பட்டனை அழுத்தினால் மெயில் கம்பெனியின் பக்கம் திறக்கும். 'இவர் எங்களுக்குத் தெரிந்தவர்தான்' என்று அது சொன்னால், டாக்டரின் தளம் உள்ளே விடும். அவ்வளவுதான் வேலை.

ஆனால் புது மேடம் அழுத்தினால் திறந்தது. வேறு யார் அழுத்தினாலும் 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வந்தது.

டீம் லீடர் வந்து நின்றாள். "என்ன மேடம், ஆச்சா?"

"எனக்குத் திறக்குதே..."

"நீங்களா பல்லு புடுங்கிக்கப் போறீங்க? வர்றவங்களுக்குத் திறக்கணும்!"

பக்கத்து நாற்காலி டிசைனர் மெல்லத் தலையை நீட்டினார். "மேடம், அந்த செட்டிங்ஸ்ல ஒரு தடவை..."

"டிசைனர் சார், உங்க வேலை முடிஞ்சுதா? அந்தப் பல்லு படம் இன்னும் கோணலாத்தான் இளிக்குது. அவங்களுக்கு யாரும் சொல்லித் தரக் கூடாது."

அவள் போனதும் டிசைனர் முணுமுணுத்தார். "கல்லுலகூட ஈரம் இருக்கும் மேடம். இது சுத்தக் கருங்கல்லு."

"விடுங்க தம்பி. கேக்கறது நியாயம்தானே" என்று சிரித்தார் புது மேடம்.

மணி இரண்டரை. மெயில் கம்பெனியின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, திரையில் விரலை வைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டே வந்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

'நிலை: சோதனை. அனுமதி பெற்றவர்கள்: ஒருவர்.'

அந்த ஒருவர் அவரேதான்! சோதித்துப் பார்க்கத் தன் பெயரை மட்டும் போட்டுவிட்டு, ஊருக்கே கதவைச் சாத்தி வைத்திருக்கிறார். தலையில் அடித்துக்கொண்டு, 'அனைவருக்கும் திற' என்பதை அழுத்தினார்.

அடுத்த அடி விழுந்தது. 'எங்கள் ஆட்கள் சரிபார்க்க வேண்டும். சில வாரங்கள் ஆகலாம்.'

வாரக்கணக்கிலா? மூன்று மணியாகப் போகிறதே!

தண்ணீர் குடித்துவிட்டு, காரணத்தைத் தேடினார். நுழைகிறவர்களின் பெயர், மெயில் முகவரியோடு, அவர்களுடைய காலண்டரையும் போன் நம்பர்களையும் பார்க்க அனுமதி கேட்டிருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று அவரே போட்ட டிக்குகள். அதனால்தான் சந்தேகப்படுகிறார்கள்.

'பல்லைப் பார்க்கிறவருக்கு மற்றதெல்லாம் எதற்கு?' பெயரையும் முகவரியையும் விட்டுவிட்டு மற்ற டிக்குகளை எடுத்தார். தளத்தை இயக்கும் நிரலிலும் அவற்றை நீக்கினார். மறுபடி அழுத்தினார். ஒரு கேள்வியும் இல்லாமல் திறந்துகொண்டது.

நான்கு மணிக்கு வந்த டாக்டர் தன் போனிலேயே அழுத்திப் பார்த்தார். "அட, என் பேர் சொல்லிக் கூப்பிடுதே!" மனைவியின் மெயிலை வைத்தும் பார்த்தார். அதற்கும் திறந்தது.

முதலாளி அங்கேயே நிரந்தர ஆணையில் கையெழுத்துப் போட்டார். டிசைனர் கை தட்டினார். டீம் லீடர் மட்டும் முகத்தில் ஒரு கோடு அசையாமல், "திங்கட்கிழமை அடுத்த வேலை தரேன். லேட்டா வராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாலையில் புது மேடம் ஆணையைப் பையில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல் இரண்டு தெரு தள்ளி நடந்து, மருந்துக்கடை ஓரம் திரும்பினார். அங்கே ஸ்கூட்டரோடு நின்றிருந்த டீம் லீடர் ஓடிவந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"காலையிலேருந்து மணியைப் பார்த்துப் பார்த்தே எனக்கு ஒரு வேலையும் ஓடலை! இனிமே சிபாரிசுல வந்தவங்கன்னு ஒருத்தர் வாயைத் திறக்க முடியாது. ஏறுங்க அத்தை, உங்க பிள்ளைகிட்ட நான் இன்னும் சொல்லலை, வீட்டுக்குப் போய் நீங்களே சொல்லுங்க!"

உங்களுக்கும் இப்படி வெளியே முறைத்துக்கொண்டு, உள்ளுக்குள் உங்களுக்காகத் தவித்த ஒருவர் உண்டா? யார் என்று ஒரு வரி பதில் போடுங்களேன்.