பலிக்காத ஜெபங்கள்

என் மனைவியை அடக்கம் செய்த மறுவாரம் வீட்டில் நினைவு ஜெபக்கூட்டம். ஆளாளுக்கு அவள் பக்தியைப் புகழ்ந்தார்கள்.

"தாத்தா, நீங்களும் பாட்டியைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றாள் பேத்தி.

"உங்க பாட்டி ஜெபம் ஒண்ணுகூடப் பலிச்சதில்ல. நான் பலிக்க விட்டதில்ல."

போதகர் இருமினார்.

"குழாய் ஒழுகும். 'ஆண்டவரே, இந்த மனுஷனால இதை நிறுத்த முடியாது, நல்ல பிளம்பரா அனுப்பும்'னு முட்டி போடுவா. பிளம்பர் நான் குத்துக்கல்லாட்டம் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்! விடியறதுக்குள்ள நிறுத்திடுவேன். 'இவரு சிகரெட்டை விடமாட்டாரு, எனக்குப் பொறுமையைத் தாரும்'னா. அன்னிக்கே விட்டேன்."

"அதனாலதான் எங்ககூட வர்றீங்களாப்பா?" என்றான், பல வருடமாகக் கூப்பிட்டு ஓய்ந்துபோன என் மகன்.

"பின்ன? ஆஸ்பத்திரிக் கட்டில்ல கண்ணை மூடிக்கிட்டு, 'எனக்கப்புறம் இவரு வீம்புக்குத் தனியாத்தான் கிடப்பாரு, மகன் வீட்டுக்குப் போகமாட்டாரு, நீரே பார்த்துக்கும்'னா. யாருகிட்ட? பெட்டியைக் கட்டிட்டேன்."

சபையில் எப்போதும் அவள் பக்கத்தில் உட்காரும் டெய்லரம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னண்ணே சொல்றீங்க? அக்கா வாய்விட்டு ஜெபிச்சு நாங்க ஒருநாளும் கேட்டதில்லையே! உதடுகூட அசையாது. 'ஆண்டவருக்கு எதுக்குக் கத்தணும், மனசுல நினைச்சாலே கேட்கும்'பாங்க."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். போதகருக்கு மறுபடியும் இருமல்.

கட்டிய பெட்டியைப் பிரித்துவிடலாமா என்று யோசித்தேன். பிரிக்கவில்லை. நான் பிரிப்பேன் என்று தெரிந்து, அதற்கும் ஏதாவது செய்து வைத்துவிட்டுத்தான் போயிருப்பாள், கள்ளி.