நானூற்றுப் பதினேழு

மகளின் முன்கையில் கறுப்பு மையால் எழுதியிருந்த 417 என்ற எண்ணைப் பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார் ஸ்டேஷன் மாஸ்டர். தோல் சிவந்ததே தவிர எண் அசையவில்லை.

"விடுங்கப்பா, தோலு உரிஞ்சு கையோட வந்துடும்."

"ஜெயில்லருந்து தப்பிச்சவ மாதிரி நிக்கிறே. உன்னைப் பொண்ணு பாக்க வர்ற மாப்பிள்ளையோட அப்பா ரிட்டயர்டு ஜட்ஜு. பாத்ததும் திருப்பி உள்ள தள்ளிடப் போறாரு."

அவர் சொன்னதில் தப்பில்லை. கண்ணைச் சுற்றி வளையம், கறுத்துப்போன கால்நகம், படியில் இறங்கினால் நண்டு நடை. இவள் பல் டாக்டர் என்றால் யார் நம்புவார்கள்? எங்கோ அடிதடியில் பல்லைப் பறிகொடுத்துவிட்டு வந்தவள் என்பார்கள்.

கையிலிருந்த போட்டி எண் உட்பட எல்லாம் அந்த ட்ரையத்லான் செய்த வேலை. ஏரியில் நீந்தி, கரையேறிச் சைக்கிள் மிதித்து, இறங்கி ஓடவும் வேண்டும். மூன்றுக்கும் பதிலாக ஒரு ரயில் டிக்கெட் எடுத்தால் போதாதா என்பது ஸ்டேஷன் மாஸ்டரின் தீராத சந்தேகம்.

கோழி எழுந்திருக்கும் முன்னே அலாரம் அலறும். ஒரு வாரம் காற்றாய்ப் பறப்பாள். மறு வாரம் முழங்காலில் ஐஸ் கட்டியோடு சோபாவில் கிடப்பாள். கிளினிக்கில் நோயாளி வாயைத் திறந்தால் இவளுக்குக் கொட்டாவி வரும். இத்தனை பாட்டுக்கும் பலன்? போன போட்டியில் இவளுக்குப் பின்னால் வந்தது ஆம்புலன்ஸ் மட்டும்தான்.

"நேத்துப் போட்டி அப்படி இல்லப்பா. எனக்குப் பின்னாடி மனுஷங்களே வந்தாங்க! தண்ணியிலதான் நெரிசல். யாரோ மேல வந்து விழுந்தாங்க. ஒரே ஒரு உதை. வழி கெடச்சிருச்சு."

"நம்ம பரம்பரையில பொம்பளைங்க காலால யாரையும் தொட்டது கூட இல்ல!"

"அவங்கல்லாம் நீந்தலையேப்பா."

இதற்கு முன்பு வந்த இரண்டு வரன்கள் 'பொண்ணு அரைக்கால் சட்டையோட ரோட்டுல ஓடுது' என்று சொல்லிக் கழன்றுகொண்டார்கள். குடும்ப மானம் வீதியில் ஓடுவதை ஸ்டேஷன் மாஸ்டரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால் இன்று சைக்கிள் குளியலறையில் ஒளிந்திருந்தது. ஷூ கட்டிலுக்கடியில். மகள் முழுக்கைச் சட்டைக்குள்.

"இந்த இடமும் தட்டிப் போச்சுன்னா அந்தச் சைக்கிளப் பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டுடுவேன்."

"அதுல இரும்பே கிடையாதுப்பா." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்கு மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கு. மறைக்கிறதுதான் பிடிக்கல."

வாசலில் கார் வந்து நின்றது. பையனின் அப்பா மட்டும்தான் வந்திருந்தார். ஒரு காலை வெளியே வைத்தார், சற்று யோசித்தார், மறு காலை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்தார். மூக்கு தக்காளியாய் வீங்கி, மேலே ஒரு பிளாஸ்திரி. நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு, "அம்மாடி" என்று முனகியபடி உட்கார்ந்தார்.

"மூக்குல என்னங்க?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"கதவுன்னு சொல்லச் சொல்லி... கதவு இடிச்சிருச்சுங்க."

"காலு?"

"அதுவும் அதே கதவுதான்."

தட்டில் வைத்திருந்த வாழைப்பழமெல்லாம் பேச்சோடு பேச்சாகக் காலியானது. ஸ்டேஷன் மாஸ்டர் நைசாக எழுந்து சமையலறைக்குள் போனார்.

"கதவாம் கதவு! நல்லா ஏத்திக்கிட்டு எங்கேயோ குப்புற விழுந்திருக்காரு மனுஷன்" என்று மனைவியின் காதைக் கடித்தார்.

"மெதுவாங்க. அவரு காதுல விழப்போகுது."

"விழட்டும். குடிகாரன் வீட்டுக்குப் பொண்ணக் குடுத்தா நம்ம மானம் என்னாகிறது?"

"எது, காலையில பாத்ரூம்ல ஒளிச்சு வச்சீங்களே, அந்த மானமா?"

ஸ்டேஷன் மாஸ்டர் முதுகை நிமிர்த்திக்கொண்டு கூடத்துக்கு வந்தார். எத்தனையோ எக்ஸ்பிரஸ் வண்டிகளைச் சிவப்புக்கொடி காட்டி நிறுத்திய கை அது. இந்த ஒரு வண்டியை நிறுத்த முடியாதா?

"நாங்க கொஞ்சம் யோசிச்சுச் சொல்றோமே..." என்று தொடங்கினார்.

அதற்குள் மகள் தேநீரோடு வந்துவிட்டாள். குனிந்து கொடுக்கத் தொடை இடம் தரவில்லை. நின்றபடியே கையை எட்டி நீட்டினாள். சட்டைக்கை முழங்கை வரை ஏறியது.

417.

ஜட்ஜின் பார்வை அதிலேயே நின்றது. ஸ்டேஷன் மாஸ்டர் குறுக்கே பாய்ந்தார்.

"அது... அது வந்து, கேஸ் சிலிண்டர் நம்பருங்க. மறந்துடுவான்னு..."

"இந்த நம்பர நான் நேத்தே பாத்துட்டேன்" என்றார் ஜட்ஜ், தீர்ப்பு வாசிக்கும் குரலில்.

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். சைக்கிளும் போச்சு, மாப்பிள்ளையும் போச்சு.

ஜட்ஜ் கோப்பையைக் கீழே வைத்தார். தன் சட்டைக்கையின் பொத்தானைக் கழற்றி மெல்ல மேலே சுருட்டினார். அதே கறுப்பு மை. தேய்த்துத் தேய்த்தும் போகாத 386. மறு கை தானாக மூக்கைத் தடவியது.

"அப்போ ஏரியில என் மூக்குல உதைச்சுட்டு முன்னாடி போன மகராசி நீதானா?"