புதுப் பைக்கு ஒரு விலை

பன் புல்லில் பின்னிய லெப்டொப் பையைக் கடை முதலாளி ஓரமாகத் தள்ளி வைத்தார்.

“புதுச் சாமான். ஆருக்கும் தெரியாது. விலையைக் கொறைச்சுத்தான் எடுக்கலாம்.”

பையை விற்க வந்த சுலோஜனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“போன மாசம் பன் பாய் கொண்டு வந்தன். பழைய சாமான், எல்லார் வீட்டயும் கிடக்கு எண்டு கொறைச்சீங்க. பழசெண்டாலும் கொறைவு, புதுசெண்டாலும் கொறைவு எண்டா, நீங்க சொல்றது காரணமில்ல, சாட்டு.”

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி அவள் கேட்ட விலையை எண்ணிக் கொடுத்தார்.

படகில் வாவியைக் கடந்து தன் ஊர் மண்டூரில் இறங்கியும் அவளுக்குக் கோபம் ஆறவில்லை. வீட்டு வாசலில் புஸ்பம் காத்திருந்தாள், அந்தப் பையைப் பின்னியவள். விரலெல்லாம் பன் கிழித்த கீறல்.

“பாயை விடக் கஷ்டம் தங்கச்சி. பைக்குக் கூலியைக் கொஞ்சம் கூட்டித் தாவன்.”

சுலோஜனா எரிந்து விழுந்தாள்.

“புதுச் சாமான் அக்கா. இன்னும் ஆருக்கும் தெரியாது.”