கடிகாரத்துக்குப் பக்கத்து ஐகான்

ஊரார் கம்ப்யூட்டரையெல்லாம் சரிசெய்து கொடுக்கும் எனக்கு, என் வீட்டுக் கம்ப்யூட்டர் மட்டும் அடங்கவில்லை. திரையின் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் வேண்டாத ஐகான்கள் அடைந்து கிடந்தன. பிரிண்டர், பழைய ஆன்டிவைரஸ் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டுப் போய்விட்டன. என் கணவரின் இறந்துபோன முதல் மனைவி அரட்டைக்கு வைத்திருந்த மென்பொருளின் ஐகான் மட்டும் நின்றது. மவுஸை அதன்மேல் வைத்தால் 'வெளியே சென்றிருக்கிறார்' என்று காட்டியது.

"செத்தும் இடத்தை விடமாட்டேங்கிறா" என்று நீக்கினேன். மறுநாள் திரும்பி வந்தது.

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் கணவர். அந்தக் கனிவு எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. எனக்கு டீ போடும்போதுகூட, "அவ சர்க்கரையே போட்டுக்க மாட்டா" என்பார்.

இன்று வயிற்றெரிச்சலில் ஹார்ட் டிஸ்க்கையே துடைத்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினேன். அந்த ஐகான்தான் முதல் ஆளாக வந்து நின்றது. 'வீட்டில் இருக்கிறார்' என்று காட்டியது.

அவர் டீ கொண்டுவந்து வைத்தார். ஒரு வாய் குடித்தேன்.

"சர்க்கரை எங்கே?"

"நீதானே இப்ப சமையல்கட்டுக்கு வந்து வேணாம்னு சொன்னே?"

நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவேயில்லை. ஆனால் அவர் குரலில் அந்தக் கனிவு இருந்தது.