மாடிக்குப் போகும் தட்டு

காசநோய்க்கு மருந்து முடிந்து அம்மா வீட்டிலிருந்து திரும்பிய இளைய மருமகளை, மூத்தவள் வாசலிலேயே மறித்தாள். நோயைத் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்து அவளைத் துரத்தியவளும் இவள்தான்.

"டாக்டர் சொன்னா போதுமா? சளியில ஜீன் டெஸ்ட் எடுத்துட்டு வா. துளி கிருமி இருந்தாலும் காட்டிக் கொடுத்துடுமாம்."

எடுத்தாள். கிருமி இருப்பதாகவே வந்தது.

"நான் அப்பவே சொல்லல? மாடி ரூமோட இரு. அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்த, நடக்கிறதே வேற."

"சரிக்கா" என்று இளையவள் தலை குனிந்துகொண்டாள்.

ஒன்றரை மாதம் போனது. வீட்டுக்கே சமைத்து, பாத்திரம் தேய்த்து, மாடிக்கும் தட்டு சுமந்ததில் மூத்தவளுக்கு இடுப்பு ஒடிந்தது.

இளையவளுக்கு டாக்டர் போன் செய்தார். "அந்த டெஸ்ட் செத்த கிருமியோட மரபணுவையும் காட்டும்னு அன்னைக்கே சொன்னேன்ல? சளியில கிருமி வளருதான்னு லேப்ல வச்சுப் பார்த்ததுலயும் ஒண்ணும் முளைக்கல. உங்களுக்கு நோயே இல்ல. வீட்டுல நான் பேசட்டுமா?"

"வேண்டாம் டாக்டர். நோய் வந்ததைத்தான் அவங்க தெருவுக்கே சொன்னாங்க. போனதை நானே மெதுவா சொல்லிக்கறேன்."

வெளியே தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. மூத்தவள் மூச்சிரைக்க இறங்கப் போனாள்.

"அக்கா," என்றாள் இளையவள், கதவைத் திறக்காமலே. "நேத்து உப்பு கம்மி. இன்னிக்குப் பார்த்துப் போட்டீங்களா?"